வேலூரில் ஒரு சின்ன சொகுசு ஹோட்டல்: பல வருடம் தங்கிய அனுபவம்

தோல் பதனிடும் ரசாயனம் விற்பது என் வேலை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு என்று சுற்றுகிறவனுக்கு வேலூரில் தங்குவதுதான் வசதி. முன்பெல்லாம் சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்கள். சில வருடங்களாக, இருபது அறைகூட இல்லாத ஒரு சொகுசு ஹோட்டல். பெயர் வேண்டாம், குறையும் சொல்லப்போகிறேன்.

சலவைக்கல் தரை, மலைபோல் தலையணை எல்லாம் காசு கொடுத்தால் எங்கேயும் கிடைக்கும். என்னை அங்கே பிடித்துவைத்தது ஷூ விஷயம். தோல் பதனிடும் டேனரிக்குள் அரை நாள் நின்றால் அந்த வாடை ஷூவில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பெரிய ஹோட்டல் லிஃப்ட்டில் பக்கத்தில் நிற்பவர் மூக்கைச் சுளிப்பார். இங்கே ரூம் பாய் நான் சொல்லாமலே வாசலில் வாங்கிக்கொண்டு போனார். காலையில் பார்த்தால் நன்றாகத் துடைத்து, உள்ளே பேப்பரைச் சுருட்டித் திணித்து, கதவோரம் வைத்திருந்தது. அடுத்த முறையும் அப்படியே.

சிஎம்சிக்கு வரும் வங்காளக் குடும்பங்களும் இங்கே நிறைய தங்குவார்கள். விடிந்ததும் ஓபிக்கு ஓட வேண்டும் என்பதால், பழைய மேனேஜர் ஆறு மணிக்கே இட்லி போடச் சொல்வார். ராத்திரி அவர்களுக்கென்று காரம் குறைத்து மீன் குழம்பு.

அந்த மேனேஜர் வேலையை விட்டுப் போனார். அப்புறம்தான் ஹோட்டலின் சொகுசு அவர் ஒருவர் தலையில் நின்றது தெரிந்தது. டிபன் ஏழரைக்குத்தான் என்றார்கள். வேலூர் போர் தண்ணீர் உப்பு. ஷவரைக் கழற்றி வினிகரில் ஊறப்போடாவிட்டால் துளையெல்லாம் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். அவர் இருந்தவரை அது தவறாமல் நடந்தது. இப்போது பாதித் தண்ணீர் தலையில், மீதி சுவரில். கெட்டிலுக்குள்ளும் அதே வெள்ளைப் படிவு. சொன்னால் சரி செய்கிறார்கள். சொல்லாமலே செய்ததற்குத்தானே அந்த வாடகை?

மெனுவில் உள்ள ஆம்பூர் பிரியாணியைத் தொடாதீர்கள். பாஸ்மதியில் செய்கிறார்கள், சீரகச் சம்பா இல்லாமல் அது என்ன ஆம்பூர் பிரியாணி? அறையில் வைத்திருக்கும் ஊர்க் கையேடு வேலூர்க் கோட்டைக் கோயிலை இன்னும் ‘சாமியில்லாக் கோயில்’ என்கிறது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981லேயே திரும்பி வந்துவிட்டார். சாயங்காலம் அகழிப் பக்கம் நடந்துவிட்டு அவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

ரூம் பாய் இன்னும் இருக்கிறார், அதனால் நானும் போகிறேன். நீங்கள் போவதானால் பின்பக்க அறை கேளுங்கள், முன்பக்கம் விடிய விடிய பஸ் ஹாரன். லாட்ஜ் மாதிரி 24 மணி நேரக் கணக்கு கிடையாது, பகல் 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். டெஸ்ட் ரிசல்ட்டுக்குச் சாயங்காலம் வரை காத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பேசிவிடுங்கள். வாடகையையும் 7,500 ரூபாய்க்குள் பேசி முடியுங்கள், தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம்.