இரண்டு வருடம் எழுதிய மீள்நோக்குப் பதிவேடு: கல்வித் தொழில்நுட்ப முதுகலைக்குப் போகும் வன்னி ஆசிரியர்களுக்கு

தன் பாடங்களைத் திரும்பிப் பார்த்து எழுதும் மீள்நோக்குப் பதிவேட்டை ஒப்படைக்கு முதல்நாள் இரவு ஒரேயடியாக எழுதினாலும் புள்ளி கிடைக்கும். தன் கற்பித்தல் எங்கே மாறியது என்பது மட்டும் அதில் தெரியாது. நான்கு அரையாண்டும் கிழமை தவறாமல் எழுதிப் பார்த்ததில் நிலைத்த முறை ஒன்றுதான்: பாடம் நடந்த அன்றே, 15 நிமிடம்.

கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் தந்த மீள்நோக்குச் சுழற்சியில் ஆறு படிகள்: விபரிப்பு, உணர்வு, மதிப்பீடு, பகுப்பாய்வு, முடிவு, செயற்றிட்டம். கிழமைதோறும் ஆறையும் நிரப்பினால் விபரிப்பே முக்கால் பக்கத்தைத் தின்றுவிடும், பகுப்பாய்வுக்கு வரும்போது கை ஓய்ந்துவிடும். மாதத்தில் ஒருமுறை ஆறும் போதும். மற்றக் கிழமைகளில் மூன்று வரி: நடந்தது, காரணம், அடுத்தமுறை செய்வது.

தரம் 8இல் மின்சுற்றுப் பாடம் என்று வைப்போம். ‘சிமியுலேஷன் காட்டினேன், மாணவர் ஆர்வமாகப் பங்குபற்றினர்’ என்ற வரியால் பயனில்லை. இப்படி இருக்கவேண்டும்: ‘6 டேப்பில் 2இல் சார்ஜ் இல்லை. 32 பிள்ளைகள், டேப்புக்கு 8 பேர், தொட்டது இரண்டிரண்டு பேர்தான். ஆளி திறந்திருக்கக் குமிழ் ஏன் எரியவில்லை என்று சரியாக எழுதியது 11 பேர். அடுத்தமுறை: முதலில் கடதாசியில் எதிர்வுகூறல், பிறகு டேப்.’ இந்தக் கடைசி வரிதான் உயிர். அடுத்த பதிவு அதிலிருந்தே தொடங்கவேண்டும்.

ஆசிரியருக்கு வேண்டிய மூன்று அறிவுகளை இணைத்துப் பார்க்க, ஆய்வாளர்கள் மிஷ்ராவும் கோலரும் 2006இல் முன்வைத்த டீபேக் (TPACK) சட்டகத்தை வைத்து ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் ‘தொ’, ‘க’, ‘உ’ என்று குறியுங்கள்: தொழில்நுட்பம், கற்பித்தல், உள்ளடக்கம். முதல் அரையாண்டில் ‘தொ’ மட்டுமே நிரம்பிக் கிடந்தால் கவலை வேண்டாம், அது இயல்பு. மூன்றாவதிலும் அப்படியே என்றால் செயலிகளைத்தான் படிக்கிறீர்கள், பிள்ளைகளைப் பார்க்கவில்லை.

இனி எங்கள் பக்கத்துச் சிக்கல்கள். ஏ9 வீதியை விட்டு ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் உள்ளே போனால் சிக்னலை நம்பி எழுத முடியாது. இணையவழிக் கற்றல் தளமான மூடிலின் (Moodle) செயலியில் ஒப்படைப் பக்கத்தை இணைப்பு உள்ளபோதே ஒருமுறை திறந்து இறக்கி வையுங்கள். இணைப்பில்லாமல் சேமித்தது போனில்தான் கிடக்கும். ஒத்திசைந்த பிறகே போய்ச்சேரும். கடைசித் திகதியில் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். கார்த்திகை, மார்கழி மழையில் கரண்டும் போகும் என்பதால் இரண்டு நாள் முந்துவது நல்லது.

யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டச்சியதை மூடிலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாக வரும், தேடவும் முடியாது. பழகிய பாமினி விசை ஒழுங்கிலேயே யுனிகோட் தரும் மென்பொருள் இருக்கிறது. முதல் நாளே அதைப் போடுங்கள். பஸ்ஸில் வரும்போது குரல்பதிவு செய்வதென்றால் 64 கேபிபிஎஸ் மோனோ போதும், நிமிடத்துக்கு அரை எம்பி. செயலட்டையைப் படமெடுங்கள், பிள்ளைகளின் முகத்தை வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள். சாதாரணப் படமாகப் போனால் சுருங்கி, பென்சில் எழுத்து மங்கிவிடும்.

அரையாண்டு முடிவில் முதல் ஐந்து பதிவையும் கடைசி ஐந்தையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ‘அடுத்தமுறை’ என்று எழுதியவற்றில் உண்மையில் செய்ததற்குப் பச்சை, செய்யாததற்குச் சிவப்பு. இறுதி ஒப்படைக்கு வேண்டிய பகுப்பாய்வு அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. கற்கை முடிந்ததும் மூடில் கணக்கு மூடப்படலாம். அதற்கு முன் எல்லாவற்றையும் இறக்கி, ஒரு பிரதியைப் பென் ட்ரைவிலும் போட்டுவையுங்கள்.