லினக்ஸ் கெர்னலின் ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட்: ஒரு மதிப்புரை

கணினி முழுவதும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, வேலையில்லாத சாதனத்தை மட்டும் உறங்க வைத்துத் தேவைப்படும்போது எழுப்புகிற ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் கட்டமைப்பு, கெர்னல் நிரலாளர் ரஃபேல் வைசோக்கியின் முயற்சியால் 2009 டிசம்பரில் வெளிவந்த 2.6.32 பதிப்பில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் இடம்பெற்றது. சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரை எழுதுபவரிடம் மிகக் குறைவாகக் கேட்டு மிக அதிகமாகச் செய்து தருவதே இதன் பெருஞ்சிறப்பு.

டிரைவர் சாதனத்தைப் பயன்படுத்துவதற்கு முன் அதன் பயன்பாட்டு எண்ணிக்கையை ஒன்று கூட்ட வேண்டும்; வேலை முடிந்ததும் ஒன்று குறைக்க வேண்டும். கூட்டியதும் குறைத்ததும் ஈடாகி எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தால், கெர்னல் அந்தச் சாதனத்தை உறங்க வைக்கலாம். துணைச் சாதனம் விழித்திருக்கும் வரை, அது இணைந்திருக்கும் தாய்ச் சாதனம் பொதுவாக உறங்காது என்பதையும், எழுப்பும்போது தாய்ச் சாதனமே முதலில் எழ வேண்டும் என்பதையும் கெர்னலே கவனித்துக்கொள்வதால், ஒவ்வொரு டிரைவரும் தனித்தனியே எழுதிப் பிழை செய்யக்கூடிய ஒரு பெரும் பகுதி குறைந்துவிடுகிறது. வேலை முடிந்தபின் சற்று நேரம் காத்திருந்தே உறங்க வைத்து, அடிக்கடி உறங்கி எழுவதற்கே மின்சாரம் வீணாகாமல் தடுக்கும் ஆட்டோசஸ்பெண்ட் வசதியும் அருமையானது. யுஎஸ்பி சாதனங்களுக்கு இயல்பான காத்திருப்பு நேரம் 2 நொடி.

எனக்கு மன வருத்தம் தருவது ஒன்றுதான். ‘பிஎம் ரன்டைம் கெட் சிங்க்’ என்னும் ஃபங்ஷன், சாதனத்தை எழுப்பத் தவறினாலும் எண்ணிக்கையைக் கூட்டியே வைத்திருக்கும். பிழை என்று கண்டதும் டிரைவர் அப்படியே திரும்பிவிட்டால் அந்த எண்ணிக்கை இறங்குவதே இல்லை. அதன்பின் சாதனம் உறங்காமலே கிடக்க, பேட்டரி காரணம் தெரியாமல் கரையும். இத்தகைய கசிவைப் பல டிரைவர்களில் திருத்த வேண்டியிருந்தது. 5.10 பதிப்பில் வந்த ‘பிஎம் ரன்டைம் ரெஸ்யூம் அண்ட் கெட்’, தோல்வியுற்றால் எண்ணிக்கையைத் தானே இறக்கிவிடுகிறது. திரும்பக் கிடைக்கும் மதிப்பைச் சோதிக்கும் டிரைவர்கள் இதையே பயன்படுத்த வேண்டும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வன்பொருள் உண்மையில் எந்த நிலையில் இருந்தாலும், தொடக்கத்தில் கெர்னல் அதை உறங்குவதாகவே கணக்கில் கொள்கிறது. ஆகவே சாதனம் ஏற்கெனவே மின்சாரம் பெற்றிருந்தால், இந்த வசதியை இயக்குவதற்கு முன்பே அதை விழித்திருக்கும் நிலையில் குறித்துவிட வேண்டும்.

பிழை தேடுவதற்கும் இது நன்கு உதவுகிறது. கெர்னலின் சாதன அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் உள்ள கன்ட்ரோல் கோப்பில் ‘ஆன்’ என எழுதி உறக்கத்தைத் தடுத்துப் பார்த்தால், கோளாறு உறக்கத்தால் வந்ததா என்பது பெரும்பாலும் உடனே புலப்படும்.