பின் டிஃப் புஷ் மாற்றி 40,000 கிலோமீட்டர்: ரப்பரா, பாலியூரித்தேனா?

கியரை ‘பி’யிலிருந்து ‘ஆர்’க்குத் தள்ளியதும் பின்சீட்டுக்கு அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். ‘டி’க்கு வந்ததும் இன்னொன்று. கோலாலம்பூரின் எம்ஆர்ஆர்2 வட்டச் சாலை ஜாமில் பெடலை விட்டு மிதித்து ஊர்ந்து போகும்போது ஒவ்வொரு அசைவுக்கும் ஒன்று. பழைய சுபாரு ஃபாரெஸ்டர் எஸ்ஜி வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய சத்தம். பட்டறையில் முதலில் அப்சார்பரில் கைவைப்பார்கள், அடுத்து லிங்க் ராடு, அதற்கடுத்து டிரைவ்ஷாஃப்ட். மூன்றையும் மாற்றிய பிறகும் சத்தம் அப்படியே இருந்தால்தான் டிஃப் புஷ் பக்கம், அதாவது பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலைத் தாங்கும், உலோகக் குழாயும் ரப்பருமான உருளைகள் பக்கம் பார்வை போகும்.

இங்கே எழுதுவது இரண்டு எஸ்ஜி கார்களின் கணக்கு. இரண்டும் 2.0 லிட்டர் எஞ்சின், ஆட்டோ கியர், இரண்டும் கோலாலம்பூரில் தினமும் ஓடுபவை. ஒன்றில் நான்கு புஷ்ஷும் கம்பெனி ரப்பர். மற்றதில் முழுக்க, ரப்பரை விட விறைப்பான பாலியூரித்தேன். வேலை நடந்தது வீட்டுக் கார் போர்ச்சில். மாற்றிய பிறகு ஒவ்வொன்றும் 40,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். டிஃபின் பின்பக்க மூடியிலிருந்து இரண்டு ஸ்டட் (மரையுள்ள கம்பி) நீண்டு, பின் கிராஸ்மெம்பர் என்ற குறுக்குச் சட்டத்தில் அழுத்திப் பொருத்திய இரண்டு புஷ்களுக்குள் நுழைகின்றன. டிஃபின் முன்முனையான மூக்குப் பக்கத்தை முன் மெம்பர் என்ற இன்னொரு சட்டம் தாங்குகிறது, அதன் இரு முனையிலும் ஒவ்வொரு புஷ். ஆக மொத்தம் நான்கு. முன்னோக்கி முடுக்கும்போது டிஃபின் மூக்கு மேலே எழப் பார்க்கும், ரிவர்ஸில் கீழே இறங்கப் பார்க்கும். ‘ஆர்’க்கும் ‘டி’க்கும் மாற்றி மாற்றிப் போடும்போதெல்லாம் இந்த நான்கு ரப்பரும் எதிரெதிர்த் திசையில் முறுக்கப்படுகின்றன. மூன்று மாடி கார் பார்க்கில் ஒரு இடத்துக்காக முன்னும் பின்னும் நகர்த்தும் ஊரில் அவை சீக்கிரம் தளர்வதில் வியப்பில்லை.

ரப்பரைக் கெடுக்கும் இன்னொன்று எண்ணெய். டிஃபின் பக்கவாட்டு ஆயில் சீல் கசிந்தால் எண்ணெய் புஷ் மேல் வழிந்து ரப்பரை ஊதவைத்து மெத்தென்று ஆக்கிவிடும். அப்படிப்பட்ட காரில் கசிவை நிறுத்தாமல் புது புஷ் போடுவது பணத்தை வடிகாலில் கொட்டுவதற்குச் சமம்.

புஷ் என்று முடிவு கட்டும் முன் பிட்சிங் ஸ்டாப்பரைப் பாருங்கள். எஞ்சின் அறையில், அதையும் காரின் உட்புறத்தையும் பிரிக்கும் ஃபயர்வாலுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் எலும்பு வடிவில் ஒரு சிறு கை இருக்கும், இரண்டே போல்ட். அது தேய்ந்தாலும் கியர் மாற்றும்போது இதே ‘டொக்’ கேட்கும், ஆனால் சத்தம் முன்னாலிருந்து வரும். காருக்குள் உட்கார்ந்து கேட்டால் இரும்பில் பரவும் சத்தம் திசையைக் குழப்பிவிடும். வெளியே ஒருவர் நின்று கேட்பதுதான் சரி. மேடு பள்ளத்தில் மட்டும் தட்டினால் பின் சஸ்பென்ஷனின் டிரெய்லிங் லிங்க் புஷ்ஷாக இருக்கலாம். திருப்பத்தில் ‘கிளிக் கிளிக்’ என்றால் டிரைவ்ஷாஃப்ட் முனையில் உள்ள சிவி ஜாயிண்ட்.

மிக உறுதியான சோதனை கைபேசி வீடியோ. காரைச் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து, கைபேசியை டிஃபின் மூக்கு தெரியும்படி தரையில் வையுங்கள். ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி ‘ஆர்’, ‘டி’ என்று மாற்ற வேண்டும். அந்நேரம் காருக்கு அடியிலோ முன்னும் பின்னுமோ யாரும் இருக்கக் கூடாது. நல்ல புஷ் என்றால் மூக்கு லேசாக அசைந்து நிற்கும். தேய்ந்திருந்தால் குதிக்கும், சில கார்களில் தாங்கியில் இடிப்பதே படத்தில் தெரியும். பிறகு எஞ்சினை அணைத்து, காரை ஆக்சில் ஸ்டாண்டில் ஏற்றி, டிஃபுக்கும் மெம்பருக்கும் இடையே கடப்பாரை முனையைக் கொடுத்து நெம்பிப் பாருங்கள். மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு இருப்பதாலேயே புஷ் செத்துவிட்டதாகாது. உள் உலோகக் குழாயை விட்டு ரப்பர் பிரிந்திருந்தால்தான் ஆயுள் முடிந்தது.

ஹோண்டா சிஆர்-வி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது பின்னால் முனகினால், அந்தக் காரில் பெரும்பாலும் டிஃப் எண்ணெய்தான் காரணம். அந்த டிஃபுக்கென்றே ஹோண்டா விற்கும் ‘டூயல் பம்ப்’ எண்ணெயை மாற்றிப் பார்த்த பிறகு மவுண்டுக்குப் போங்கள்.

சாமான்: நான்கு புஷ், பின் ஸ்டட்டுக்குப் புது லாக் நட் இரண்டு, பக்கவாட்டு ஆயில் சீல் இரண்டு, டிரைவ்ஷாஃப்ட் சர்க்ளிப் இரண்டு, சைலன்சர் கேஸ்கெட், 75டபிள்யூ-90 ஜிஎல்-5 எண்ணெய் ஒரு லிட்டர். டிஃபுக்குள் போவது ஏறக்குறைய 0.8 லிட்டர்தான். பாதியாக வெட்டி இறக்கிய பழைய கார்களின் உதிரிபாகம் விற்கும் ஹாஃப் கட் கடையில் புஷ்ஷோடு சேர்த்து முன் மெம்பர் மலிவாகக் கிடைக்கும். அதை வாங்காதீர்கள். அந்த ரப்பருக்கும் உங்கள் ரப்பருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

கருவிகளில் உயிர்நாடி, புஷ்ஷைத் துளையிலிருந்து இழுத்தெடுக்கவும் ஏற்றவும் உதவும் இழுப்பான். கடையில் விற்கும் சாதாரண த்ரெட் ராடு மென்மையான இரும்பு, இரண்டாவது புஷ்ஷிலேயே அதன் மரை உரிந்துவிடும். 10.9 தரத்தில் எம்14 ராடு கேட்டு வாங்குங்கள். அதனோடு இரண்டு துண்டுகள் வேண்டும். ஒன்று, பழைய புஷ் உள்ளே விழுவதற்கான கிண்ணம். அதன் உள்விட்டம் புஷ்ஷின் வெளிவிட்டத்தை விட 2, 3 மில்லிமீட்டர் கூட இருக்க வேண்டும். மற்றது, புதிய புஷ்ஷின் வெளி உறையின் விளிம்பை மட்டும் அழுத்தும் தட்டு. கோலாலம்பூரில் சான் சோ லின் பக்கம் லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பழைய புஷ் கையில் இல்லாததால் புதியதை எடுத்துப்போய் அளவு காட்டினால் போதும். நட்டுக்கு அடியில் ஒரு த்ரஸ்ட் பேரிங்கும் மரையில் மாலிப்டினம் கிரீஸும் இருந்தால் முறுக்கும் பலம் பாதியில் வீணாகாது.

இடம் பற்றி: கொண்டோ (அடுக்குமாடி) கார் பார்க்கில் இதைத் தொடங்காதீர்கள். நிர்வாகம் தடுக்கும், கார் இரண்டு நாள் உயரத்திலேயே நிற்க வேண்டியிருக்கும். தாமான் (குடியிருப்புப் பகுதி) தனி வாசல் வீட்டுப் போர்ச் சரி, ஆனால் பல போர்ச்சுகளில் தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சரிவாகப் போட்டிருப்பார்கள். நான்கு ஸ்டாண்டிலும் கார் சமமாக நிற்கிறதா என்று மட்டக்கோல் வைத்துப் பாருங்கள், எண்ணெய் ஊற்றும்போதும் இது கணக்கில் வரும்.

முதல் நாள் மாலையே சைலன்சர் போல்ட், பின் ஸ்டட் நட் எல்லாவற்றிலும் துரு இளக்கி அடித்து வையுங்கள். கடலோரம் ஓடும் பினாங்கு கார் என்றால் இரண்டு நாள் முன்பே தொடங்குவது நல்லது.

எண்ணெயை வடிக்கும் முன் நிரப்பும் பிளக்கைக் கழற்றுங்கள். இரண்டும் அரை அங்குல சதுரத் துளை, ராட்செட் முனை நேராக உட்காரும். வடித்துவிட்டு நிரப்பும் பிளக் சிக்கிக்கொண்டால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அடுத்து பின் சைலன்சர். பிறகு கியர்பாக்ஸிலிருந்து டிஃபுக்கு விசையைக் கொண்டுவரும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்: அதுவும் டிஃபும் இணையும் ஃபிளாஞ்ச் இரண்டிலும் நேர்க்கோடாகப் பெயிண்ட் குறி போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு நான்கு போல்ட்டையும் தளர்த்துங்கள். குறி இல்லாமல் மாற்றிப் பூட்டினால் நெடுஞ்சாலையில் அதிர்வு வரலாம், அப்புறம் அதைத் தேடி அலைய வேண்டும். கழன்ற ஷாஃப்டைத் தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள், இல்லையென்றால் நடு பேரிங்கின் ரப்பர் கிழியும்.

டிரைவ்ஷாஃப்டை டிஃப் பக்கத்தில் நெம்பி விடுவித்து வெளியே எடுக்கும்போது அதன் பல் சீலின் உதட்டைக் கீறாமல் நேராக வர வேண்டும். கீறினாலும் கீறாவிட்டாலும் சீலை மாற்றிவிடுங்கள், மறுபடி இவ்வளவு கழற்றப்போவதில்லை. டிஃபுக்கு அடியில் ட்ராலி ஜாக்கும் அகலமான பலகையும் வைத்து, பின் நட் இரண்டையும், பிறகு முன் மெம்பரையும் கழற்றுங்கள். எடை இருபது கிலோவுக்கு மேல், அதோடு மூக்குப் பக்கம் சாயும். பட்டையால் ஜாக்கோடு கட்டி, ஸ்டட் புஷ்ஷை விட்டு வெளிவரும்வரை முன்னால் இழுத்து இறக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் கட்டாயம்.

இதுவரை நடந்தது சாதாரணக் கழற்றல். உண்மையான வேலை பின் கிராஸ்மெம்பரின் இரண்டு புஷ்ஷில்தான் இருக்கிறது.

பழைய புஷ்ஷைத் தொடும் முன் அதன் ரப்பரில் உள்ள வெற்றிடங்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று கிராஸ்மெம்பரிலேயே பெயிண்டால் குறியுங்கள், ஒரு படமும் எடுத்து வையுங்கள். இந்த வெற்றிடம் தற்செயலாக விட்டது அல்ல. எந்தப் பக்கம் மென்மை, எந்தப் பக்கம் விறைப்பு என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கால் சுற்று திரும்பிப் போனால் புதிய புஷ்ஷோடே பழைய சத்தம் கேட்கும்.

இழுப்பானுக்கு அசையவில்லை என்றால் பலத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 6 மில்லிமீட்டர் துளைப்பானால் ரப்பரைச் சுற்றிலும் துளையிட்டு உள்குழாயோடு பிடுங்குங்கள். மிஞ்சுவது மெல்லிய உலோக உறை. ஹேக்ஸா பிளேடை அதற்குள் கோத்து ஒரே இடத்தில் நீளவாக்கில் அறுக்க வேண்டும். அறுக்கும்போது தூளின் நிறத்தைக் கவனியுங்கள்: உறைக்கும் கிராஸ்மெம்பருக்கும் இடையே இருக்கும் துரு பழுப்பாக வரத் தொடங்கியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் கிராஸ்மெம்பரில் கீறல் விழும். பிறகு உளியால் உறையை உட்பக்கம் மடக்கினால் அதுவாகவே தளர்ந்து வரும். தீயால் ரப்பரை எரிப்பவர்கள் உண்டு. பெட்ரோல் டேங்க் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் அது வேண்டவே வேண்டாம்.

துளையை 400 எண் உப்புக் காகிதத்தால் துடைத்து, புஷ் நுழையும் விளிம்பில் கூர்மையை மட்டும் எடுங்கள். புதிய புஷ்ஷை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைக்கும் பழக்கம் உண்டு. கணக்குப் போட்டால், 60 மில்லிமீட்டர் இரும்பு 30 டிகிரியிலிருந்து கழித்தல் 18க்குப் போனால் சுருங்குவது 0.03 மில்லிமீட்டர் அளவுதான். சிறு உதவி, அவ்வளவே. நம் ஊர் ஈரப்பதத்தில் வெளியே எடுத்த நொடியே அதன் மேல் பனி படியும், அது உருகினால் துளைக்குள் தண்ணீர். துணியால் துடைத்து ஒரே நிமிடத்தில் ஏற்ற முடியும் என்றால் மட்டும் செய்யுங்கள்.

ஏற்றும்போது முதல் 3 மில்லிமீட்டர்தான் எல்லாம். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் நிறுத்தி, நான்கு இடத்தில் விளிம்பின் உயரத்தை வெர்னியரால் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் முந்தினாலே பின்வாங்கி மறுபடி தொடங்குங்கள். கோணலாக ஏறியதை ‘போகப் போகச் சரியாகும்’ என்று இழுத்தால் உறை நசுங்கிவிடும், பிறகு அது எந்தக் காலத்திலும் இறுகி நிற்காது. ரப்பர் புஷ்ஷுக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும். பெட்ரோலிய கிரீஸ் ரப்பரைத் தின்னும்.

பூட்டுவது எதிர்வரிசை. எல்லா நட்டையும் கையால் இறுக்கி, ஜாக்கை இறக்கி டிஃபைத் தன் எடையில் புஷ்களில் உட்காரவிட்டு, பிறகுதான் கடைசி இறுக்கம். அளவுகளைப் பட்டறைக் கையேட்டின்படி டார்க் ரெஞ்சால் வையுங்கள். புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட்டுக்கு 31 நியூட்டன் மீட்டர். ஒவ்வொரு நட்டிலும் குறுக்கே வெள்ளைக்கோடு போடுங்கள், அசைந்ததா என்று பின்னால் ஒரு பார்வையில் தெரியும். எண்ணெய், மேல் துளையில் வழியும்வரை. பழைய எண்ணெயை வடிகாலில் ஊற்றாதீர்கள். மலேசியச் சட்டத்தில் அது எஸ்டபிள்யூ 305 என்ற அட்டவணைக் கழிவு. எண்ணெய் மாற்றும் பட்டறைகளில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

இனி 40,000 கிலோமீட்டரின் கணக்கு.

ரப்பர் போட்ட காரில் ‘டொக்’ முதல் நாளே போனது. பெடலை விட்டு மிதிக்கும்போது வந்த இழுபறி குறைந்தது. 500 கிலோமீட்டரில் நட்களைச் சோதித்தோம், வெள்ளைக்கோடு எதுவும் விலகவில்லை. இப்போது வீடியோவில் மூக்கின் அசைவு புதிதாகப் போட்டபோது இருந்ததை விடக் கொஞ்சம் கூடியிருக்கிறது, சத்தம் இல்லை. சைலன்சருக்குப் பக்கத்தில் இருக்கும் பின் புஷ்ஷில் மட்டும் மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் தெரிகின்றன.

பாலியூரித்தேன் காரில் பிடிப்பு ஒரு படி மேல். கோம்பாக் டோல் தாண்டி கெந்திங் செம்பா ஏற்றத்தில் மிதித்தால் தாமதமே இல்லாமல் பின்சக்கரம் தள்ளுவதை உணரலாம். அதற்குக் கொடுக்கும் விலை ஒலி. மணிக்கு 80, 90 கிலோமீட்டரில் பல்சக்கரத்தின் ‘ஊஊ’ என்ற இழுவை காருக்குள் வருகிறது. டிஃப் கெட்டுப்போகவில்லை, முன்பும் அந்த ஒலி இருந்தது, ரப்பர் அதை விழுங்கிக்கொண்டிருந்தது. 15,000 கிலோமீட்டரில் மழைக்காலத்துக்குப் பிறகு கிறீச்சிட ஆரம்பித்தது. கூடவே வரும் சிலிக்கான் கிரீஸ் வறண்டுவிட்டதே காரணம். மறுபடி பூச முன் மெம்பரைக் கழற்றியாக வேண்டும், பின்பக்கத்துக்கு டிஃபையே மறுபடி இறக்க வேண்டும். 38,000இல் திரும்பவும் அதே கிறீச்.

பழைய ரப்பரின் வெற்றிடத்தில் செருகும் பாலியூரித்தேன் துண்டுகளும் விற்கிறார்கள். டிஃபை முழுக்கக் கழற்ற வேண்டாம், அரைநாள் வேலை. ரப்பர் இன்னும் உள்குழாயைப் பிடித்திருக்கும் காருக்கு அது நியாயமான வழி. பிரிந்துவிட்ட புஷ்ஷில் செருகினால் துண்டுதான் முழுப் பாரத்தையும் சுமக்கும், மெல்ல நழுவி வெளியே வரும்.

குடும்பக் காருக்கு நான்கும் கம்பெனி ரப்பர் என்பதே எங்கள் தேர்வு. நான்கையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்: முன்னது இரண்டு எளிது என்று அதை மட்டும் மாற்றினால் டிஃப் பழைய பின் புஷ்களைச் சுற்றி ஆடும், மிச்சம் இருக்கும் ரப்பரும் சீக்கிரம் கிழியும். மலைப்பாதையில் வேகமாக ஓட்டுபவர், ஒலியைப் பொருட்படுத்தாதவர் என்றால் முன்னால் பாலியூரித்தேன், பின்னால் ரப்பர் என்று கலந்து போடலாம். கிரீஸ் பூச வேண்டி வந்தாலும் முன் மெம்பர் மட்டும்தான் இறங்கும்.