மிஸஸ் மேசலை மூன்றாவது தடவை பார்த்து முடித்த கதை

கொடுத்துவிட்ட தூக்குச் சட்டியைத் திரும்ப வாங்காமல் நம் வீட்டுப் பெண்களுக்குத் தூக்கம் வராது இல்லையா, அந்த ஒரு விஷயத்தில்தான் 'தி மார்வெலஸ் மிஸஸ் மேசல்' என்ற அமெரிக்கத் தொடர் என்னைப் பிடித்தது. புருஷன் செயலாளரோடு போய்விடுகிறான். கதாநாயகி மிட்ஜ் ஒயின் பாட்டிலும் கையுமாக, நைட்கவுனுக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு நியூயார்க் சப்வேயில் ஏறி, அவன் காமெடி செய்ய மேடை ஏறிய கேஸ்லைட் கஃபேக்குப் போகிறாள். எதற்கு? அவனுக்கு நல்ல நேரத்தில் மேடை கிடைக்க லஞ்சமாகக் கறி சமைத்துக் கொண்டுபோன பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரத்தைத் திரும்ப வாங்க. போன இடத்தில் மைக் காலியாக இருக்கிறது. அவ்வளவுதான், ஒரு காமெடியன் பிறந்தாயிற்று.

2018 கடைசியில், இரண்டாவது சீசன் வந்த சமயத்தில், அக்கா சொல்லித்தான் ஆரம்பித்தேன். 2023 மே மாதம் தொடர் முடியும்வரை சீசன் வர வர ஒரு சுற்று, முடிந்த கையோடு முதலிலிருந்து இரண்டாவது சுற்று, இப்போது மூன்றாவது. ஐந்து சீசன், மொத்தம் 43 எபிசோட். ஒவ்வொரு சுற்றிலும் நான் பார்த்தது வேறு தொடரோ என்று தோன்றும் அளவுக்கு என் கட்சி மாறிக்கொண்டே இருந்தது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதல் சுற்று முழுக்கத் துணிமணிதான். டோனா ஸகோவ்ஸ்கா வடிவமைத்த அந்தக் கோட்டுகளும் தொப்பிகளும் கையுறைகளும், கோட்டுக்கு ஏற்ற நிறத்தில் பையும்! போனில் பார்த்ததால் பாதி தெரியவில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. தயவுசெய்து பெரிய திரையில் பாருங்கள். இன்னொரு தொல்லை, பேச்சின் வேகம். தொடரை உருவாக்கிய ஏமி ஷெர்மன் பல்லடினோ எழுதும் ஆட்கள் மூச்சு விடாமல் பேசுவார்கள், ஒருவர் முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பித்துவிடுவார். சப்டைட்டிலைப் போட்டால் கண் எழுத்திலேயே நிற்கிறது, சட்டையைக் கோட்டை விட்டுவிடுகிறோம். போடாவிட்டால் பாதி ஜோக் போச்சு. முதல் தடவை சப்டைட்டிலோடு, இரண்டாவது தடவை இல்லாமல் என்பதுதான் நான் கண்ட வழி. அப்புறம், வீட்டில் பெரியவர்கள் கூடத்தில் இருக்கும்போது போட்டுவிடாதீர்கள். கெட்ட வார்த்தை தாராளம், முதல் எபிசோடிலேயே அம்மணி மேடையில் செய்கிற காரியத்துக்குப் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போகிறது.

இரண்டாவது சுற்றில் கண்ணில் பட்டது வேறு. முதல் எபிசோடில் மிட்ஜ் தூங்கப்போகும் காட்சி ஒன்று உண்டு. புருஷன் கண் அயரும்வரை முழு ஒப்பனையோடு படுத்திருப்பாள். அவன் தூங்கியதும் எழுந்துபோய் முகத்தைக் கழுவி, க்ரீம் தடவி, முடிக்குச் சுருள் மாட்டிக்கொண்டு வந்து படுப்பாள். விடியும்போது முகத்தில் வெயில் படுகிற மாதிரி ஜன்னல் திரையை முன்கூட்டியே சரிசெய்து வைத்திருப்பாள். அலாரம் அடிக்கும் முன் எழுந்து, மறுபடி ஒப்பனை போட்டு, மறுபடி படுத்துக்கொள்வாள். அலாரம் அடிக்கும், அவளும் அப்போதுதான் விழித்த மாதிரி கண்ணைத் திறப்பாள். முதல் தடவை சிரித்தேன். இரண்டாவது தடவை, இவளுக்கு மேடை எதற்குப் புதிதாக, கல்யாணமான நாளிலிருந்து தினமும் நடித்துக்கொண்டுதானே இருக்கிறாள் என்று தோன்றியது. டேப் வைத்து உடம்பை அளந்து நோட்டில் குறித்து வைக்கிறவள், கைக்குழந்தையின் நெற்றி பெரிதாகிக்கொண்டே போகிறதோ என்று கவலைப்படுகிறவள், அவள் எப்படி ஜோக்குக்குக் குறிப்பெடுக்காமல் இருப்பாள்?

ஜோக் என்றதும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மேடைப் பேச்சு எல்லாமே சிரிப்பு வருகிற ரகம் இல்லை. நம்மைவிட அந்தத் திரைக்குள் இருக்கிற கூட்டம்தான் அதிகம் சிரிக்கிறது. ஆனால் தோற்கிற காட்சிகள் அபாரம். முதல் சீசனில் ஒரு பழைய ஜோக் எழுத்தாளரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கிய ஜோக்குகளை அட்டையில் வைத்துக்கொண்டு மேடை ஏறுவாள். ஒரு சத்தம் இல்லை. அட்டையைப் புரட்டுகிற விரலைப் பார்க்கவே எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மேடை ஏறி ஒரு தடவையாவது பேசி, எதிரே இருந்தவர்கள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும்.

கேஸ்லைட் கற்பனை இடமல்ல. கிரீனிச் வில்லேஜ் மக்டூகல் தெருவில் 1958இல் தொடங்கி 1971வரை இருந்தது. கைதட்டினால் மாடியில் குடியிருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று அங்கே விரலைச் சொடுக்கித்தான் பாராட்டுவார்களாம். ஆனால் தொடர் கொஞ்சம் ஏமாற்றவும் செய்கிறது. புருஷன் ஜோயல் சொந்தச் சரக்கு மாதிரி மேடையில் சொல்வது நிஜ காமெடியன் பாப் நியூஹார்ட்டின் ஆப்ரகாம் லிங்கன் ஜோக். அது இடம்பெற்ற ஆல்பம் வெளிவந்ததே 1960இல். கதை தொடங்கும் 1958இல் இவன் அதை எப்படித் திருடினான்? மூன்றாவது சுற்றில்தான் இது உறைத்தது. பெரிய குற்றமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

லென்னி புரூஸ் விஷயத்தில் இந்தச் சலுகையை நான் கொடுக்க மாட்டேன் என்று நினைத்திருந்தேன், ஏனென்றால் அவர் நிஜமாகவே வாழ்ந்த காமெடியன். மேடையில் ஆபாசமாகப் பேசினார் என்று திரும்பத் திரும்பக் கைது செய்யப்பட்டு, 1964இல் நியூயார்க் நீதிமன்றத்தில் தண்டனை பெற்று, 1966இல் போதைமருந்தால் இறந்துபோனவர். 2003இல்தான் நியூயார்க் ஆளுநர் மன்னிப்பு வழங்கினார், செத்து 37 வருடம் கழித்து. அப்படிப்பட்டவரை ஒரு கற்பனைப் பெண்ணுக்குத் தோழனாக்கிக் காதலும் வைக்கலாமா? லூக் கிர்பி நடிப்பைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். நான்காவது சீசன் கடைசியில் வருகிற லென்னியின் கார்னகி ஹால் நிகழ்ச்சி 1961 பிப்ரவரியில் பனிப்புயலுக்கு நடுவே, நள்ளிரவில் உண்மையாகவே நடந்தது. அன்றிரவு அவர் மிட்ஜைத் திட்டித் தீர்க்கிறாரே, அந்த ஒரு காட்சிக்காக அந்த சீசனை மன்னித்தேன்.

மன்னிக்க வேண்டிய சீசன்தான் அது. மூன்றாவது முடிந்தது 2019 டிசம்பரில், நான்காவது வந்தது 2022 பிப்ரவரியில். இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து பார்த்தால், நான் நிபந்தனை போட்டுத்தான் மேடை ஏறுவேன் என்று மிட்ஜ் முரண்டு பிடித்துக்கொண்டு ஒரே கிளப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறாள். மூன்றாவது சுற்றில் அதில் நாலு எபிசோடை வேகமாக ஓட்டினேன். சோஃபி லெனன் வருகிற இடத்தையெல்லாம் மட்டும் நிறுத்தி நிதானமாகப் பார்த்தேன். குண்டாகத் தெரிய உடைக்குள் பஞ்சு வைத்துக்கொண்டு ஏழைப் பெண்ணாக நடித்துக் காசு பார்க்கிற கோடீஸ்வரி அவள். ஜேன் லிஞ்ச் பிய்த்து உதறியிருக்கிறார்.

அக்காவுக்கும் எனக்கும் ஓயாத சண்டை ஒன்றுதான். "பிள்ளைங்க எங்கடி? ரெண்டு பிள்ளைகளைப் பெத்துட்டு இவ ஊர் ஊரா சுத்துறா, கேக்க ஆளில்ல!" ஜோயல் ஊர் சுற்றும்போது நீ இதைக் கேட்டாயா என்பேன் நான். ஆனால் அக்கா சொன்னது தப்பில்லை என்று ஐந்தாவது சீசன் ஒப்புக்கொள்கிறது. முதல் காட்சியிலேயே 1981, வளர்ந்துவிட்ட மகள் எஸ்தர் மனநல ஆலோசகரிடம் அம்மாவைப் பற்றிக் கொட்டித் தீர்க்கிறாள். அந்தச் சீசன் முழுக்க இப்படி முன்னும் பின்னும் தாவுகிறது. முதல் தடவை எரிச்சலாக இருந்தது, இப்போது அதுதான் ஐந்திலும் சிறந்த சீசன் என்பேன். மிட்ஜின் அப்பா ஏபாக வருகிற டோனி ஷலூப், கடைசிக்கு முந்தைய எபிசோடில் நண்பர்களோடு உணவகத்தில் உட்கார்ந்துகொண்டு, மகனைத்தான் பெரிதாக நினைத்திருந்தேன், மகளைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்று மெதுவாகச் சொல்வார். நாலு கிழவர்கள், ஒரு மேஜை, கேமரா அதிகம் நகரவில்லை. எங்கள் அப்பா இருந்திருந்தால் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

இந்த மூன்றாவது சுற்றில் நான் முழுக்க சூசி கட்சி. தலையில் தொப்பியோடு, முகத்தில் எரிச்சலோடு அலைகிற மிட்ஜின் மேனேஜர். கேட்ஸ்கில்ஸ் மலை விடுதிக்கு மிட்ஜோடு போனவள், உள்ளே இருக்க அனுமதி இல்லாததால் கழிவறை அடைப்பெடுக்கிற ரப்பர் கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்காரி மாதிரியே திரிவாள். கட்டை கையில் இருக்கிறவரை யாரும் எதுவும் கேட்பதில்லை! அலெக்ஸ் போர்ஸ்டீன் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிற நடைக்கே விருது கொடுத்திருக்கலாம். முதல் தடவை இவளை நகைச்சுவைக்கு வைத்த துணைப் பாத்திரம் என்று நினைத்தேனே என்று வெட்கமாக இருக்கிறது. கடைசி எபிசோடில் மிட்ஜுக்கு டிவியில் கிடைக்கிற அந்த நாலு நிமிடத்துக்காக, வாழ்நாளில் யாரிடம் கேட்கவே கூடாது என்று வைத்திருந்தாளோ அந்தப் பழைய காதலியிடமே போய் உதவி கேட்பவள் சூசிதான். மேடையில் மிட்ஜ் பேசப் பேச, ஓரத்தில் நிற்கிற இவள் முகத்தை மட்டும் பாருங்கள்.

அப்புறம் 2005. வயசான மிட்ஜ் நியூயார்க் வீட்டில், வயசான சூசி வேறெங்கோ வெயில் ஊரில். இருவரும் ஆளுக்கொரு இடத்தில் டிவியில் ஜெப்பர்டி வினாடி வினா போட்டுக்கொண்டு போனில் பேசிச் சிரிக்கிறார்கள். அக்காவுக்கு இந்த முடிவு பிடிக்கவே இல்லை.

"இவ்ளோ காசு இருந்து என்ன, தனியாத்தானே கெடக்கா?"

"போன்ல சூசி இருக்காளேக்கா."

"நாலாவது தடவை பாத்துட்டுச் சொல்லு," என்று அக்கா போனை வைத்துவிட்டாள்.