நடப்பதற்காக ஒரு வேன்: நெல்லைச் சீமையில் என் பயன்பாட்டு அனுபவம்

கேம்பர் வேன் வாங்கலாமா, இருக்கிற வண்டியிலேயே படுக்கை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கும் ஆசிரியர்கள் இப்போது அதிகம். நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். சில வருடங்களாக ஒரு சின்ன பெட்ரோல் வேனை வைத்துக்கொண்டு விடுமுறைகளில் நெடுந்தூரம் நடக்கிறேன். பெரும்பாலும் கணவர் கூட வருவார். சில சமயம் பக்கத்துப் பள்ளி கணக்கு டீச்சர் வருவார். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் ஊர் வெயிலில் இந்த வேனால் கிடைக்கும் பெரிய பயன், அதிகாலை ஐந்து மணிக்கு நடையைத் தொடங்க முடிவதுதான்.

திருநெல்வேலியில் வருடத்தின் பாதி நாட்களுக்குக் காலை பத்தரைக்கு மேல் திறந்த வெளியில் நடக்க முடியாது. பாளையங்கோட்டையில் வீட்டைவிட்டுக் கிளம்பி பஸ் பிடித்துப் பாபநாசம் போய் இறங்கும்போதே வெயில் ஏறியிருக்கும். முந்தின நாள் சாயங்காலம் பள்ளி விட்டதும் வண்டியை எடுத்து, நடை தொடங்கும் ஊரிலேயே இரவு படுத்துவிட்டால் கதையே வேறு. நாலரைக்குக் கருப்பட்டிக் காப்பி, ஐந்துக்கு நடை. பத்து மணிக்குள் பதினெட்டு, இருபது கிலோமீட்டர் சாவகாசமாக முடிந்துவிடும்.

இப்படித்தான் தாமிரபரணிக் கரையைத் துண்டு துண்டாக நடந்தேன். பொதிகையில் பிறந்து புன்னைக்காயல் பக்கம் கடலில் சேரும் ஆறு, மொத்தம் சுமார் 128 கிலோமீட்டர். மேலே உள்ள பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் பாபநாசத்துக்குக் கீழே இருந்துதான் நடை. இந்த ஆற்றை நடப்பவர்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. ஆற்றை ஒட்டியே ஏறக்குறைய கடைசி வரை ரயில் இருக்கிறது. செங்கோட்டை லைனில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி. திருச்செந்தூர் லைனில் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி. வண்டியை ஓர் ஊரில் நிறுத்திவிட்டுக் கீழ்நோக்கி நடந்து, முடித்த ஊரில் ரயிலேறி வண்டிக்கே திரும்பிவிடலாம். ரயில் நேரம் ஒத்துவராவிட்டால் பஸ்.

ஆற்றங்கரையைவிடக் கால்வாய்க் கரையில் நடப்பது எனக்கு இன்னும் பிடிக்கும். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கோடைமேலழகியான் முதல், ஸ்ரீவைகுண்டம் கடைசி; பாசனக் கால்வாய்கள் இவற்றிலிருந்துதான் பிரிகின்றன. ஆற்றோரம் கருவேலமுள்ளும் மணல் பள்ளமுமாக வழி அடிக்கடி அற்றுப்போகும். கால்வாய்க் கரை அப்படி இல்லை. தடம் தெளிவாக இருக்கும், பல இடங்களில் மர நிழல் உண்டு, கொஞ்ச தூரத்துக்கு ஓர் ஊர் வந்துவிடும். கன்னடியன் கால்வாயை ஒட்டிச் சேரன்மகாதேவி, பத்தமடைப் பக்கம் போகும் நடையைப் புதிதாகத் தொடங்குகிற எவருக்கும் சொல்வேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நீர்ப்பாசனம் நடத்தும்போது இந்தக் கரைதான் எனக்குப் பாடப்புத்தகம். மதகு எப்படித் திறக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் ஏன் பிந்தி வருகிறது என்பதெல்லாம் நேரில் பார்த்துச் சொல்லும்போது வகுப்பே வேறு மாதிரி இருக்கிறது.

சரி, வண்டிக்கு வருகிறேன். என்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும் வகை. நீண்ட நேரம் ஓட்டினால் சீட்டுக்குக் கீழே சூடு ஏறும், நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே அனல் இருக்கும். அதனால் படுக்கப்போகும் இடத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்து எல்லாக் கதவையும் திறந்து வைப்பது வழக்கம். மைலேஜ் லிட்டருக்குப் பதினாலு, பதினைந்து. உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. ஆனால் கிராமத்துத் தெருவில் எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்கிவிடலாம், தோப்பு வாசலில் திருப்பிவிடலாம். பெரிய வேனுக்கு ஆசைப்படுகிறவர்கள் எங்கள் அக்ரகாரத் தெருக்களை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உள் வேலையை ஆசாரியை வைத்துச் செய்தோம். 12 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டில் மூன்று பெட்டிகள், மேலே மடக்குப் பலகை. எதையும் வெல்டு வைக்கவில்லை, பாடியை வெட்டவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற விடாது. கழற்றி எடுக்கும்படி வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கலும் இல்லை, திங்கட்கிழமை வண்டி மறுபடி வீட்டு வண்டியாகிவிடும். படுக்கைக்கு நாலு அங்குல ஃபோம் போதும். ஆனால் வெறும் ஃபோமில் படுத்தால் முதுகு வேர்த்துக் கொட்டும். மேலே ஒரு பத்தமடைக் கோரைப்பாயை விரித்தால்தான் தூக்கம் வருகிறது. இந்த வண்டியில் போட்ட பணத்தில் மிகப் பிரயோஜனமானது அந்தப் பாய்தான்.

அடுத்தது மின்விசிறி. இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள், அதனால் விரிவாகவே சொல்கிறேன். 12 வோல்ட் பிஎல்டிசி விசிறி (மின்சாரம் குறைவாக எடுக்கும் மோட்டார் வைத்தது) 25 முதல் 30 வாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 240 வாட்-மணி வரை. விளக்கு, இரண்டு போன் எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் சுமார் 1280 வாட்-மணி இருக்கிறது, நாலு இரவு தாங்கும். கேள்வி அதை எப்படி நிரப்புவது என்பதுதான். எல்லோரும் முதலில் சோலார் பேனல் வாங்கப் போகிறார்கள். இங்கே வண்டியை வெயிலில் நிறுத்தினால் உள்ளே அடுப்பு, நிழலில் நிறுத்தினால் பேனலுக்கு வேலை இல்லை. பேனலை வெளியே எடுத்து வைத்துவிட்டு இருபது கிலோமீட்டர் நடக்கப் போகவும் முடியாது. ஓடும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து நிரப்பும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய ஓர் இரவுத் தேவையைக் கொடுத்துவிடுகிறது. சின்ன வேனுக்கு அதுதான் முதலில். பேனலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சமையல் மிகக் குறைவு. கட்டுச்சோறு, இட்லிப் பொடி, நல்லெண்ணெய், அவல், பொரிகடலை. அடுப்பு காப்பிக்கு மட்டும், அதுவும் வண்டிக்கு வெளியேதான். கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே எரித்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும்.

குளியலுக்கு வண்டியில் எதுவும் செய்யவில்லை. படித்துறைகள் இருக்கிற நாடு இது. திருப்புடைமருதூரில் விடியற்காலை ஆற்றில் இறங்கினால் மருதமரத்துப் பறவைச் சத்தத்தோடு குளிக்கலாம். மாநகரத்துக்குக் கீழே மட்டும் நான் இறங்குவதில்லை, கழிவுநீர் கலக்கிறது. பெண்களுக்குக் கழிப்பறைதான் உண்மையான பிரச்சினை. மடக்கி வைக்கும் கழிப்பறையும் சுற்றிக் கட்ட ஒரு சின்னக் கூடாரமும் இல்லாமல் நான் கிளம்பவே மாட்டேன்.

இரவு நிறுத்துவதற்கு ஒரே வழி கேட்டு நிறுத்துவது. தோப்புக்காரரிடம், தெரிந்த தலைமையாசிரியரிடம், டீக்கடையில். முக்கூடல் பக்கம் ஒரு டீக்கடை அண்ணாச்சி, "யம்மா, வண்டி கெடக்கட்டும், நாங்க பாத்துக்கிடுதோம். இருட்டுல வயக்காட்டுப் பக்கம் மட்டும் போவாதிய" என்றார். திரும்பி வரும்போது வண்டி நிழலில் இருக்க வேண்டும் என்று கூரையில் தென்னோலை போட்டு வைத்திருந்தார். மனுஷங்க இப்படி இருக்கிற ஊரில் நடப்பது பெரிய கொடுப்பினை.

ஆசிரியர்களுக்கு விடுமுறைக் காலண்டர்தான் எல்லாம். விடைத்தாள் திருத்தி முடித்து மே மாதம் கையில் கிடைக்கும்போது அக்னி நட்சத்திரம் தொடங்கியிருக்கும். அப்போது கடற்கரைதான், உவரியிலிருந்து மணப்பாடு பக்கம். காற்று இருப்பதால் இரவில் விசிறியே வேண்டாம். ஜூன், ஜூலை சனி ஞாயிறுகளில் தென்காசிச் சாரல். காலாண்டு விடுமுறை ஆற்றுக்கு. அரையாண்டு விடுமுறை வடகிழக்குப் பருவமழையோடு வரும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்து ஆறு ஊருக்குள் வந்ததை யாரும் மறக்கவில்லை. பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, மணிமுத்தாறு அணைக்கு 118 அடி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பேப்பரில் நீர்மட்டம் பார்க்காமல் நான் ஆற்றோரம் படுப்பதில்லை. அந்த மாதங்களில் குதிரைமொழித் தேரிக்குப் போகலாம், மழைக்குப் பிறகு செம்மணல் இறுகி நடக்கச் சுகமாக இருக்கும்.

காட்டுக்குள் வேனில் தங்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் பலரைப் பலிகொண்ட காட்டுத்தீக்குப் பிறகு மலையேற்றத்துக்கு முறையான அனுமதி கட்டாயம். 2024-இல் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, வழிகாட்டியோடு போகலாம். அகத்தியர் மலைக்கு (1868 மீட்டர்) கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்துதான் ஏற வேண்டும். மூன்று நாள் நடை. 2018 வரை பெண்களை விடவில்லை. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் ஏறினார். சீசன் ஜனவரிக்கு மேல், பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடக்கும் சமயம். வெள்ளிக்கிழமை ஒரு தற்செயல் விடுப்பு போட்டால் சனி, ஞாயிறோடு சேர்ந்து மூன்று நாள் ஆகிவிடும், வியாழன் இரவே செங்கோட்டை, தென்மலை வழியாக வண்டியை விட வேண்டும். முன்பதிவு திறந்ததும் வேகமாகத் தீர்ந்துவிடும், அதனால் டிசம்பர் கடைசியிலிருந்தே கேரள வனத்துறை இணையதளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள்.