அம்மாவின் சிறுநீர்க் கசிவு ஆபரேஷன்: பாளையங்கோட்டை தனியார் மருத்துவமனை அனுபவம்

அம்மாவுக்கு 58 வயது, 12 வருடமாகச் சுகர். இருமினாலும் தும்மினாலும் குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் கசிந்துவிடும். முக்கூடலில் நாலு பெண்களோடு உட்கார்ந்து பீடி சுற்றுகிறவள், கூச்சப்பட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் புறவாசலுக்குப் போய்விட்டாள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனோம்.

ஆபரேஷனில் குறை சொல்ல மாட்டேன். சிறுநீர்க் குழாய்க்கு அடியில் ஒரு பாலிபுரொப்பிலீன் நாடாவை ஊஞ்சல் மாதிரிக் கொடுத்து, இரண்டு தொடை இடுக்கு வழியாகவும் இழுத்து வைக்கிறார்கள். மறுநாளே வீடு. அம்மா தும்மிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

ஒன்பதாம் நாள் ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். "ஏட்டி, தொடைக்குள்ள தீய வச்ச மாதிரி இருக்கு" என்றாள். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். வலது இடுக்கில் தையல் போட்ட இடம் சிவந்து, உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று வீங்கியிருந்தது. தொட்டால் கொதித்தது. மருத்துவமனைக்குப் போன் போட்டேன். "ஆபரேஷன் பண்ணா வலி இருக்கத்தான் செய்யும், பாரசிட்டமால் குடுங்க, திங்கக்கிழமை வாங்க" என்றார் எடுத்தவர். அன்று வெள்ளிக்கிழமை. சுகர் உண்டா என்றுகூடக் கேட்கவில்லை.

விடிந்தால் துணியெல்லாம் சீழ், நாற்றம். நேரே ஐகிரவுண்டு அரசுப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினோம். ஸ்கேனில் தொடைத் தசைக்குள் சீழ் கட்டியிருந்தது. கீறிச் சீழை எடுத்து, நாடாவையும் எடுத்துவிட்டார்கள். நாடா உள்ளே இருக்கும்வரை கிருமி அதைப் பிடித்துக்கொண்டிருக்கும், மருந்து மட்டும் கேட்காது என்றார் டாக்டரம்மா. அப்புறம் இரண்டு வாரம் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக். அபூர்வமாகத்தான் இப்படி ஆகுமாம். ஆனால் முற்றினால் தோலுக்கடியில் சதை அழுகி உயிருக்கே ஆபத்து, சுகர் உள்ளவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்றார்.

இதை முதல் மருத்துவமனை சொல்லியிருக்க வேண்டும். அவர்கள் தந்த டிஸ்சார்ஜ் தாள் என்னிடம் இருக்கிறது. மாத்திரைப் பட்டியல், மறுபடி வரவேண்டிய தேதி, அவ்வளவுதான். காய்ச்சலோ தொடை வலியோ சீழோ வந்தால் உடனே வாருங்கள் என்று ஒரு வரி இல்லை.

இங்கிலாந்தில் 2018 ஜூலையில் இந்த நாடா வைப்பதையே நிறுத்தி வைத்தார்கள் என்று பின்னால் படித்தேன். முதலில் 3 மாதமாவது இடுப்பு அடித்தசைப் பயிற்சி, அதாவது சிறுநீரை அடக்குகிற தசையை இறுக்கித் தளர்த்துகிற பயிற்சி, செய்யவேண்டும் என்பது அங்கே வழிமுறை. எங்களிடம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

கசிவு திரும்பிவிட்டது. அம்மா இப்போதுதான் அந்தப் பயிற்சியைச் செய்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணியபடி.

அந்தத் தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்கள், ராத்திரியில் கூப்பிட்டால் டாக்டர் பேசுவாரா என்று கேட்டுவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.