கறிக்கட்டை ஒட்ட எந்தப் பசை? புழங்கிப் பாத்த பிறகு சொல்றேன்

மாப்ள ஒருத்தன் கேட்டான், வீட்ல தேக்கு ரீப்பர் (ஒல்லியான மரச்சட்டம்) கெடக்கு, ஒட்டி ஒரு கறிக்கட்டை செஞ்சா எந்தப் பசை நிக்கும்னு. ஃபோன்ல சொல்லி முடியாது, அதான் எழுதுறேன்.

சாதா வெள்ளைப் பசை வேணாம் மாப்ள. எங்க வீட்டு மொதக் கட்டை அதுலதான் ஒட்டுனது, தண்ணிக்கும் தாங்கும்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க. கட்டில், அலமாரிக்கெல்லாம் அது அருமையான பசை, அதுல குறை சொல்ல மாட்டேன். ஆனா காஞ்ச பிறகும் தண்ணி ஊறுனா இளகும், கறி வெட்டுன கட்டைய கழுவாம விட முடியுமா, கழுவிக் கழுவி ஓரத்து ஜாயிண்ட் வாயத் தொறந்துருச்சு, அந்த இடுக்குல போன கொழுப்ப எந்த பிரஷ்ஷும் எடுக்கல, நாத்தம் தாங்காம தூக்கிப் போட்டோம்.

இப்ப இருக்குற கட்டைய ஒட்டுனது டைட்பாண்ட் 3-ங்குற மரப்பசையில. வெளிநாட்டு சரக்கு, வெலை கடிக்கும். தண்ணிக்கு அசையாது, காஞ்ச பிறகு கட்டையில சாப்பாட்டு சாமான் பட்டாலும் அமெரிக்காவுல உணவு, மருந்தக் கண்காணிக்கிற எஃப்டிஏ விதிப்படி சரிங்குறான் கம்பெனிக்காரன். கழுவலாம், ஆனா ஊறப்போடக் கூடாது. ஒரு ஜாயிண்ட் கூட இன்னைக்கு வரைக்கும் விடல, அந்த விஷயத்துல மனசார சந்தோஷம். பூசுனா பத்து நிமிஷத்துக்குள்ள சேத்துரணும், சித்திரை வெயில்ல அதுக்கும் முன்னாடியே ஆடை கட்டிரும். "வெயில் ஏறுறதுக்குள்ள பூசி கிளாம்ப் போட்டுருங்க தம்பி"ன்னு ஆசாரி அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு நெசம். பிதுங்குற பசைய ஈரத்துணியால இழுக்காத, ரப்பர் மாதிரி ஆனதும் உளியால சீவி எடு.

ஆனா ஒரு எரிச்சல் போகவே மாட்டேங்குது. ஜாயிண்ட் மேல விரல ஓட்டுனா கோடு கோடா தட்டுது. ஐப்பசி மழைக்கு மரம் உப்பும், கோடைக்கு சுருங்கும், இந்த வகைப் பசை கல்லு மாதிரி இறுகாது, மரத்தோட கொஞ்சம் நகரும், அதான் மேல துருத்திக்கிட்டு நிக்குது. உப்புத்தாள் போட்டு தேச்சா போகும், அடுத்த மழைக்கு திரும்ப வரும். இது பசையோட குத்தம்னு சொல்றது நியாயமில்லதான், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கை படும்போது கோவம் வருது. அரால்டைட் மாதிரி ரெண்டு டியூப் கலந்து ஒட்டுற எபாக்ஸி பசை இவ்வளவு நகராது, ஆனா சூட்டுக்கு இளகும், எங்க வீட்ல அடுப்புல இருந்து எறக்குற சட்டி நேரா கட்டை மேலதான் உக்காரும்.

பசைக்கு நல்ல மார்க்தான் போடுவேன். இருந்தாலும் எலும்போட ஆட்டுக்கறி கொத்தணும்னா ஒட்டுக்கட்டையே வேணாம்டா, நம்மூரு கறிக்கடையில பாரு, ஒத்தைப் புளியங்கட்டை, பசையும் இல்ல கோடும் இல்ல. தேக்கு ரீப்பர காய்கறி நறுக்க வச்சுக்க. அத மட்டும் இழைச்சுட்டு நாளைக்கு ஒட்டிக்கலாம்னு போட்டு வைக்காத, எண்ணெய் உள்ள மரம், எண்ணெய் மேல வந்துட்டா பசை சரியாப் பிடிக்காது, இழைச்ச அன்னைக்கே பசை போட்டுரு.